சாமந்திப் பூவும் சாண் பாவும்

உங்கள் வீட்டில் பழைய புத்தகம் எதையாவது எடுத்து உதறிப் பாருங்கள். ஓர் உலர்ந்த பூ கீழே விழும். இல்லை என்று சொல்லாதீர்கள். நான் நம்ப மாட்டேன். பஞ்சாங்கத்துக்குள் ஒரு துளசி இலை, சுந்தர காண்டத்துக்குள் ஒரு ரோஜா இதழ், பெண்ணின் பரீட்சைப் புத்தகத்துக்குள் ஓர் அரசிலை, இப்படி ஏதாவது ஒன்று இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. அதை யார் வைத்தது, எதற்காக வைத்தது என்று கேட்டுப் பாருங்கள். பாட்டி கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அது கிடக்கட்டும். இருந்த இடத்திலேயே வை” என்பாள்.

அப்படிப்பட்ட பூக்களை வாங்கி, கண்ணாடியைப் போல் உறைந்துபோகும் ரெஸினுக்குள் பதித்து, மேஜை மேல் வைக்கும் கட்டியாகவோ, சாவி வளையமாகவோ, சுவரில் மாட்டும் தட்டாகவோ செய்து கொடுப்பதுதான் ஐந்து வருஷமாக என் கைத்தொழில். பொழுதுபோக்காக ஆரம்பித்தது. இப்போது பையனின் டியூஷன் சம்பளமும் காஸ் ஸிலிண்டரும் இதில்தான் நடக்கின்றன. ஆகவே தொழில் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. இந்தத் தொழிலில் நான் சறுக்கி விழுந்த ஒரு சமாசாரத்தைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை.

ஆரணி என்றதும் உங்களுக்கு ஒன்று அரிசி ஞாபகத்துக்கு வரும், இல்லாவிட்டால் பட்டு. இரண்டும் சரிதான். கமண்டல நாக நதிக் கரையில், காஞ்சிபுரத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் இருக்கிறது ஊர். முன்பு வட ஆற்காடு ஜில்லாவாக இருந்தது. 1989-லிருந்து திருவண்ணாமலை மாவட்டம். காஞ்சிப் பட்டை அக்கா என்று வைத்துக்கொண்டால் ஆரணிப் பட்டு தங்கை. எடை கொஞ்சம் குறைவு, விலையும் கொஞ்சம் குறைவு, உடுத்திக்கொண்டு நாள் முழுதும் கல்யாண வீட்டில் ஓடியாடி வேலை செய்யலாம். தங்கைக்கும் தனிப் பெயர் உண்டு என்று சர்க்கார் ஒப்புக்கொண்டு புவிசார் குறியீடும் கொடுத்திருக்கிறார்கள்.

நான் வாழ்க்கைப்பட்டது தறிக்காரர் வீடு. வந்த புதிதில் கூடத்தில் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது மாமனாரின் தறிதான். தரையில் பள்ளம் வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிற குழித்தறி. விடியற்காலம் நாலரைக்கு நாடா ஓடும் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். பிறந்த வீட்டில் சேவல் கூவி எழுந்த நான் இங்கே தறிச் சத்தத்தில் எழுந்தேன். மாமா நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தவர். மாமி பக்கத்தில் ராட்டையில் தார் சுற்றிக் கொடுப்பார். இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். தார் தீருகிற சமயத்தில் மாமாவின் கை பின்னால் நீளும். அடுத்த தார் அதில் வந்து விழும்.

மாமா காலமான பிறகு தறியில் உட்கார ஆள் இல்லை. என் கணவருக்குச் செய்யாறு பக்கம் செருப்புத் தொழிற்சாலையில் வேலை. சட்டங்களையும் விசைகளையும் பிரித்து விற்று, பள்ளத்தை மண் கொட்டி மூடி, மேலே கல் பாவினோம். கூடம் பெரிதாயிற்று. வெறிச்சென்றும் ஆயிற்று. அந்த இடத்தில் போட்ட மேஜைதான் இன்று என் வேலை மேஜை.

ஆரம்பம் என் நாத்தனார் மகளால் வந்தது. காலேஜ் லீவுக்கு வந்திருந்தவள் செல்போனில் ஒரு படம் காட்டினாள். கல்யாண மாலையைப் பதித்த கண்ணாடித் தட்டு ஒன்று! “அத்தை, இதுக்கு எத்தனை ஆயிரம் வாங்கறாங்க தெரியுமா?” என்றாள். ஆயிரம் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குக் கலையார்வம் பொங்கிவிட்டது. இரண்டு புட்டிகள் தருவித்தோம். ஒன்றில் ரெஸின், மற்றொன்றில் அதைக் கெட்டிப்படுத்தும் திரவம். இரண்டையும் அளவாகக் கலந்தால் தேன்போல் இருக்கும். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் கல்.

முதல் வேலையாகத் தோட்டத்து மல்லிகையை நாலு கொய்து வந்து அச்சில் போட்டு, ஊற்றிவிட்டேன். (எங்கள் வீட்டில் அச்சு என்றால் தறியில் இழை கோக்கும் அச்சுதான். “எந்த அச்சும்மா? அதைத்தான் வித்தாச்சே” என்று மாமியார் கேட்டார். இது ரப்பர்போல் வளைகிற ஸிலிகோன் கிண்ணம்.) இரண்டாம் நாளே மல்லிகை, வதக்கின கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. ஒரு வாரத்தில் சுற்றிலும் தேநீர்க் கறைபோல் ஒரு வளையம்.

“பூவைச் சாமிக்கு வைக்கணும். இல்லாட்டித் தலையில வைக்கணும். பிளாஸ்டிக்குல போட்டு மூச்சு முட்ட வெச்சா அது என்னா பண்ணும்?” என்றார் மாமியார். அப்போது நான் சிரித்தேன்.

பிசகு எதில் என்றால், ஈரத்தில். பச்சைப் பூவில் பெரும்பங்கு தண்ணீர்தான். ரெஸின் காற்றை வேண்டுமானால் அடைக்கும். பூவுக்குள் இருக்கிற தண்ணீரை என்ன செய்யும்? பூ உள்ளேயே புழுங்கிக் கறுக்கிறது. ஆகையால் ஊற்றுவது கால் பங்கு வேலை. உலர்த்துவதுதான் முக்கால் பங்கு. மெல்லிய பூ, இலை என்றால் கனமான புத்தகத்துக்குள் காகிதம் வைத்து அழுத்தலாம். ரோஜா, சாமந்திபோல் அடுக்கான பூவானால் மணலில் புதைக்க வேண்டும். நான் ஆற்று மணலைச் சலித்து, ஏழெட்டுத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, இதழுக்கு இதழ் மெதுவாகத் தூவி மூடிப் பார்த்திருக்கிறேன். நன்றாகவே வரும், ஆனால் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். புது மருந்துப் புட்டிகளுக்குள் சிறு பொட்டலமாக வருகிறதே ஸிலிகா ஜெல், அதைக் கிலோக் கணக்கில் வாங்கி மூடி போட்ட டப்பாவில் நிரப்பிப் புதைத்தால் நாலைந்து நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் காரியம் முடிந்துவிடும். நிறமும் அவ்வளவாக மங்காது. ஈரம் குடித்த ஜெல்லை வாணலியில் இளஞ்சூட்டில் வறட்டி மறுபடி உபயோகிக்கலாம். அந்த வாணலியில் பிறகு ரவை வறுக்காதீர்கள்!

இதழைத் தொட்டால் காகிதம்போல் சலசலக்க வேண்டும். அதுதான் பதம். ஆனால் மல்லிகையை மட்டும் விட்டுவிடுங்கள். எப்படி உலர்த்தினாலும் வெள்ளை இதழ் ரெஸின் பட்டதும் கண்ணாடித்தாள்போல் ஊடுருவித் தெரிய ஆரம்பித்துவிடும். ஏன் அப்படி என்று அன்றைக்கே நான் யோசித்திருந்தால் பின்னால் பட்ட அவமானத்தைப் பட்டிருக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊர்ச் சரக்கில் முதன்முதலில் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது நெற்கதிர். வயலிலேயே முற்றிக் காய்ந்த கதிருக்கு ஈரமும் இல்லை, தொந்தரவும் இல்லை. பொன்னிறம் அப்படியே நிற்கும். பட்டுக்கூட்டையும் விடவில்லை. ஒரு பூச்சி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நூலைத் துப்பித் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற வீடு அது. முழுக் கூட்டைப் போட்டு ரெஸினை ஊற்றினேன். உள்ளே இருக்கிற காற்றினால் அது கட்டுமரம்போல் மிதந்து மேலே வந்து உட்கார்ந்துகொண்டது! பிறகு புத்தி வந்து, கூட்டைக் கத்தரித்து இதழாக்கிப் பூவாகக் கட்டினேன்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே புட்டி வாங்கிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணளவில் கலக்காதீர்கள். புட்டி மேல் போட்ட விகிதத்தில் தராசு வைத்து நிறுங்கள். என்னுடையதில் எடைக்கு 2-க்கு 1. கூடினாலும் குறைந்தாலும் கடைசிவரை பிசுபிசுவென்று அல்வாவாகவே இருக்கும். மெதுவாக நாலைந்து நிமிஷம் கிளறுங்கள். முட்டை அடிப்பதுபோல் அடித்தால் குமிழிதான் மிச்சம். கனமான கட்டியானால் கொஞ்சம் கொஞ்சமாக, அடுக்கடுக்காக ஊற்றுங்கள். இரண்டும் சேர்ந்து உறையும்போது சூடு பிறக்கிறது. ஒரு நாள் மீந்ததை டம்ளரிலேயே விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனேன். “அடுப்பே இல்லாம கொதிக்குதும்மா!” என்று மாமியார் கூவினார். வந்து பார்த்தால் பிளாஸ்டிக் டம்ளர் நெளிந்து புகைந்துகொண்டிருந்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையே வேண்டாம். மேலே பாலாடைபோல் படர்ந்துவிடும். அச்சிலிருந்து எடுக்க ஒரு நாள், முழுதும் இறுக மூன்று நாள். வெயில் படும் ஜன்னலில் வைத்தால் நாளாவட்டத்தில் மஞ்சள் பாரிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வெறும் கையால் தொடாதீர்கள். முதல் வருஷம் உறை போட எனக்குச் சோம்பல். விரலிடுக்கெல்லாம் சிவந்து அரிப்பெடுத்து, தோல் உரிந்து, பாத்திரம் தேய்க்க முடியாமல் தவித்தேன். இந்த ஒவ்வாமை ஒரு தடவை வந்தால் வந்ததுதான். பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் திரும்பி வரும் என்று டாக்டர் சொன்னார். இப்போது ஜன்னல் கதவு எல்லாவற்றையும் திறந்துவைத்து, நைட்ரைல் கையுறை மாட்டிக்கொண்டு, ஆபரேஷன் தியேட்டர் நர்ஸைப்போல்தான் உட்காருகிறேன். தேய்க்கும்போது பறக்கிற தூளுக்கு மூக்குக் கவசம். குழந்தைகளைப் பக்கத்தில் விடுவதே இல்லை.

புதுச் சரக்கு என்று இதைப் பயப்படவும் வேண்டாம். பிசின் சமாசாரம் நமக்குப் பழக்கமானதுதான். பாண்டவர்களைக் கொளுத்தக் கட்டினார்களே, அரக்கு மாளிகை. அந்த அரக்கும் ஒரு பிசின்தான். அதையும் ஒரு பூச்சிதான் மரக்கிளையில் சுரக்கிறது. நம் பாட்டிமாரின் கூடான நகைகளுக்குள் ஆசாரி அரக்கு நிரப்பித்தான் கொடுப்பார். தாத்தாவின் கிராமபோன் தட்டும் அரக்கில் செய்ததுதான். வெளிநாட்டில் ஆம்பர் என்று ஒன்று இருக்கிறது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் மரத்திலிருந்து வடிந்த பிசின் மண்ணில் புதைந்து கல்லாகிப்போனது. அதற்குள் அந்தக் காலத்து எறும்பும் கொசுவும் காலை நீட்டியபடி அப்படியே இருக்கின்றன. நான் ஊற்றுகிற எபாக்ஸி ரெஸின் மனிதர்கள் செய்தது. ஸ்விட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் 1930, 40-களில் கண்டுபிடித்தார்கள். உடைந்த பீங்கானை ஒட்டுகிற அரால்டைட் குழாய் உங்கள் வீட்டு மேஜை டிராயரில் கிடக்கலாம். 1946-ல் கடைக்கு வந்த அந்தப் பசை இதற்கு உடன்பிறப்புத்தான்.

அரக்கு என்றால் புடவைக்கடையில் வேறொரு பொருளும் உண்டு. ஆழ்ந்த சிவப்பு, எங்கள் மாமாவுக்குப் பிடித்த வர்ணம். அவர் தறியில் கடைசியாக ஏறின பாவும் அந்த அரக்குதான்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஆடி மாதம். மாமியார் படவேடு ரேணுகாம்பாளைத் தரிசனம் செய்துவிட்டு வந்த மறுநாள், என் மேஜைக்கு எதிரே ஒரு பித்தளைச் சம்புடத்தைக் கொண்டுவந்து வைத்தார். அதுவரை என் வேலையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னவரில்லை. மூடியைத் திறந்தேன். உள்ளே உலர்ந்து பழுப்பேறிய சாமந்திப் பூ மூன்று. கூடவே ஒரு சாண் நீளத்துக்குப் பட்டு நூல் கற்றை. அறுபது எழுபது இழை இருக்கும்.

பூ எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாமா இருந்து செய்த கடைசி ஆயுத பூஜையில் தறிக்கு வைத்த பூ. நூல், அவர் கடைசிப் புடவையை அறுத்து எடுத்தபோது தறியில் மிச்சம் நின்ற பாவு. வழக்கமாக அந்த மிச்சத்தோடுதான் அடுத்த பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். அடுத்த பாவு ஏறவில்லை. இழைகளில் அங்கங்கே சிறு சிறு முடிச்சுகள். நெய்யும்போது அறுந்ததை மாமா முடிந்தது.

“ஊரார் பூவெல்லாம் வெக்கறியே, இதையும் வெச்சுக் குடும்மா. என் கைல இருந்தா ஒரு நாளைக்குப் பூச்சி அரிச்சுடும்” என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமியாரே ஆர்டர் கொடுத்துவிட்டாரே! “அத்தை, நூறு வருஷம் அப்படியே இருக்கிற மாதிரி பண்ணித் தரேன், பாருங்க” என்று வாக்குக் கொடுத்தேன். கல்யாண வீட்டுக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன வாக்கு அது.

உயர்ந்த ரகப் புட்டி வாங்கினேன். கைக்கு அடக்கமான வட்ட அச்சு எடுத்தேன். கற்றை முழுதும் அதில் கொள்ளவில்லை. ஆகவே பாதியைக் கத்தரித்து, ஒரு பூவோடு சேர்த்து அழகாக வளைத்துவைத்து ஊற்றினேன். பாதியைக் கத்தரித்தேன் என்றால் முன்யோசனை என்று எண்ணிவிடாதீர்கள். அச்சு சிறியது; அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அச்சிலிருந்து உரித்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பூவின் அடுக்குகளுக்குள் பதுங்கியிருந்த காற்று, தவளை முட்டைபோல் குமிழி குமிழியாக நின்றது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நூலைப் பார்த்தேன். எனக்குப் பகீரென்றது. பட்டு எங்கே? அரக்கு எங்கே? நாவற்பழச் சக்கைபோல் கறுத்து ஏதோ ஒன்று சுருண்டு கிடந்தது. சணல் என்றால் சணல், கறுப்புக் கம்பளி என்றால் கம்பளி. முடிச்சுகளைத் தேடினேன், ஒன்றும் தெரியவில்லை. ஓரத்தில் கரைப் பக்கத்து ஜரிகை இழை நாலைந்து மட்டும், ஒன்றுமே நடக்காததுபோல் மின்னிக்கொண்டிருந்தது.

மேலே தேய்த்தேன், மெருகு போட்டேன். என் கணவரிடம் காட்டினேன். “நல்லாத்தான் இருக்கு” என்றார். அடிப்பிடித்த சாம்பாருக்கும் அவர் அதையேதான் சொல்வார்.

மாமியார் அதைத் திண்ணைக்கு எடுத்துக்கொண்டு போனார். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். வழவழவென்று கண்ணாடிதான் அகப்பட்டது.

“நூலு எங்கம்மா?”

“உள்ள இருக்குதே அத்தை.”

“இது அவரு நூலு இல்லையே. அது மினுமினுன்னு இருக்குமே.”

கோபித்துக்கொள்ளவில்லை. என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டார். அன்று ராத்திரி இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார். வழக்கமாக நாலு.

எனக்குத் தூக்கம் வரவில்லை. ரெஸின் மட்டமோ என்று வேறு புட்டி வாங்கிச் சோதித்தேன். அக்கம்பக்கத்துத் தறிகளிலிருந்து கழிவு நூல் கேட்டு வாங்கி, பசை தடவிப் பார்த்தேன், வார்னிஷ் தடவிப் பார்த்தேன். எதைத் தடவினாலும் தடவின கணமே பட்டு செத்துப்போயிற்று. கடைசியில் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற விஞ்ஞான டீச்சரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் வீட்டில் அன்று பஜ்ஜி. எண்ணெய் ஊறின காகிதத்தைத் தூக்கி விளக்குக்கு எதிரே பிடித்தார்.

“காகிதம் வெள்ளையா இருந்ததே, இப்ப ஏன் கண்ணாடி மாதிரி தெரியுது?” என்று என்னைக் கேட்டார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைபோல் விழித்தேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரையில் உங்களுக்குச் சொல்லுகிறேன். ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற இடத்தில்தான் வெளிச்சம் திரும்பித் தெறிக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமானால் தெறிப்பும் அதிகம். வெளிச்சத்தை முறிக்கிற சக்தி காற்றுக்கு 1 என்றால் பட்டுக்கு ஏறக்குறைய 1.55. அதனால்தான் காற்றில் இருக்கிற பட்டு இழை ஒவ்வொன்றும் சிறு கண்ணாடிபோல் பளிச்சிடுகிறது. அதிலும் பட்டு இழையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முக்கோணமாக இருக்குமாம்; பட்டைத் தீட்டின கல்தான்! ஆனால் இறுகிப்போன ரெஸினுக்கும் முறிக்கிற சக்தி ஏறக்குறைய அதே 1.55. வெளிச்சத்துக்குப் பட்டு எது, ரெஸின் எது என்று வித்தியாசமே தெரியாது; நேராக ஊடுருவிப் போய்விடும். பளபளப்பு போய்ச் சாயத்தின் கருமை மட்டும் மிஞ்சும். ஜரிகை உலோகம், வெள்ளியின் மேல் தங்கப் பூச்சு. அது எதற்குள் இருந்தாலும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ஆகையால் அது தப்பித்தது. என் மல்லிகை இதழ் ஊடுருவித் தெரிந்ததும் இதே கணக்கில்தான். இதழுக்குள் இருந்த காற்றுத்தான் அதை வெள்ளையாகக் காட்டியது.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் மெள்ள எடுத்துச் சொன்னேன். எண்களை விட்டுவிட்டுக் காற்றை மட்டும் சொன்னேன். நூலைச் சுற்றிக் காற்று இருந்தால்தான் மினுக்கும், அதை நான் அடைத்துவிட்டேன், என் தப்புத்தான் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்போ நூலுக்கும் மூச்சு முட்டுதுன்னு சொல்லு” என்றார்.

மல்லிகைக்கு அவர் சொன்னபோது சிரித்தேன் என்றேனே, இப்போது சிரிக்கவில்லை.

“மிச்சம் இருக்கறதை என்னம்மா பண்ணப் போற?”

“நீங்க சொல்றபடி, அத்தை.”

“பூவை வேணா அதுக்குள்ள வை. அது எப்படியும் வாடினதுதான். நூலை என்கிட்ட குடு.”

இந்தத் தடவை நூறு வருஷம் என்று நான் வாய் திறக்கவில்லை. மீதி இருந்த இரண்டு பூவையும் ஸிலிகா ஜெல்லில் நாலு நாள் வைத்தேன். வருஷக்கணக்காகக் காய்ந்த பூதானே என்று முதல் தடவை அலட்சியமாக இருந்துவிட்டேன். சம்புடத்துக்குள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அது ஈரம் குடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். பிறகு மெல்லிய தூரிகையால் இதழ் இதழாக ரெஸினை உள்ளே விட்டு, காற்று வெளியேறும்வரை காத்திருந்து, அது இறுகினபின் மறுபடி ஒரு பூச்சு. கடைசியில் அச்சில் வைத்து மூன்று அடுக்காக ஊற்றினேன். எல்லாம் சேர்ந்து பதினோரு நாள் ஆயிற்று. மஞ்சள் திரும்பி வரவில்லை. தேன் நிறத்தில், காம்பு ஒடிந்த இடம்கூடத் தெரிய, இரண்டு பூவும் உட்கார்ந்திருந்தன. ஒரு குமிழி உண்டு. ஒன்றுதான்.

தட்டின் அடி ஓரத்தில் வரிசையாகச் சிறு துளைகள் போட்டுக் கொடுத்தேன். மாமியார் குளித்துவிட்டு வந்து, கூடத்தில், தறிப் பள்ளம் இருந்த இடத்தில், கல்லின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தார். விபூதித் தட்டை எடுத்து வரச் சொன்னார். பூஜைக்கு என்று நினைத்தேன். விரலில் கொஞ்சம் சாம்பல் தொட்டுக்கொண்டு, பாவு பிணைக்கிற மாதிரியே, இழை இழையாக எடுத்துத் துளையில் நுழைத்து முறுக்க ஆரம்பித்தார். கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை. விரல்களைப் பார்க்கவும் இல்லை. முடிச்சு உள்ள இழை வந்தால் மட்டும் ஒரு நிமிஷம் நின்று, அதை உருட்டிப் பார்த்துவிட்டு மேலே போவார். எனக்குச் சாதம் வடிக்கிற நேரம் ஆயிற்று. நான் எழுந்திருக்கவில்லை.

பழைய தறிக் கயிறு கட்டின ஆணி சுவரில் அப்படியே இருந்தது. அதில்தான் மாட்டியிருக்கிறோம். மேலே கண்ணாடிக்குள் இரண்டு சாமந்தி. கீழே காற்றில் தொங்குகிற அரக்குக் குஞ்சம். நூல் கொஞ்சம் நைந்துதான் வருகிறது. போகிறபோதும் வருகிறபோதும் மாமியார் ஒரு விரலால் தொடுகிறார்; நையாமல் என்ன செய்யும்? பூச்சி வராமல் இருக்க மாதம் ஒரு தடவை எடுத்து உதறி மாட்டுகிறேன்.

கறுத்துப்போன முதல் வட்டத்தை நான் எறியவில்லை. என் மேஜை மேலேயே இருக்கிறது. போன தையில் வேலூரிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார்கள். மகளின் கல்யாண மாலையும், அதோடு வைக்க முகூர்த்தப் புடவைத் தலைப்பிலிருந்து ஒரு துண்டும் கொடுத்தார்கள். புடவைத் துண்டோடு சேர்த்துச் செய்தால் கூலி கூட. அந்த மாதம் எனக்குப் பணமுடையும் இருந்தது. கறுப்பு வட்டத்தை எடுத்து அந்த அம்மாளின் கையில் வைத்து, “துணி இப்படித்தான் ஆகும். சம்மதமானால் செய்கிறேன்” என்றேன். பார்த்தார்கள். புடவைத் துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்கள். மாலையை மட்டும் கொடுத்தார்கள்.

புறப்படுகிறபோது அவர்களின் கண் சுவரில் தொங்குகிற குஞ்சத்தின் மேல் விழுந்தது. “இது என்ன பட்டு? என்ன மினுக்கு!” என்று கையை நீட்டினார்கள்.

திண்ணையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. “கையைத் தொடச்சிக்கிட்டுத் தொடும்மா.”